அறிவியலின் எல்லையும் சோதனை எனும் அளவுகோலும்

(ஆகஸ்ட் 20 தேசிய அறிவியல் மனப்பான்மை நாளையொட்டி நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2013 ஆகஸ்ட் 20 அன்று காலை, புனே நகரில் ஓங்காரேஷ்வர் கோயிலுக்கு அருகிலுள்ள பாலத்தில் நடைப்பயிற்சி மேற்கொண்டிருந்த மருத்துவர் நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 67. 2015 பிப்ரவரி 16 அன்று கோலாப்பூரில் கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் கோவிந்த் பன்சாரே தம் இல்லத்தின் அருகே சுடப்பட்டார். நான்கு நாட்களில் உயிர் நீத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று தார்வாடில் கன்னட அறிஞர் கல்புர்கி கொல்லப்பட்டார். 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூருவில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் கொல்லப்பட்டார். தபோல்கர் வழக்கில் 2024 மே மாதம் புனே நீதிமன்றம் இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது, மூவர் விடுவிக்கப்பட்டனர். சுட்ட கைகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் யார் என்ற கேள்வி இன்றும் நீடிக்கிறது.

தபோல்கர் எவருடைய வழிபாட்டு உரிமையையும் பறிக்கக் கோரியவரல்லர். அவர் கேட்டது ஒன்றே: ஓர் ஆற்றல் தமக்கு உண்டு என்று ஒருவர் சொன்னால், அதை எல்லோர் முன்னிலையிலும் சோதித்துப் பார்ப்போம் என்பதுதான் அது. இந்த எளிய கோரிக்கை ஒரு மனிதரின் உயிரைக் கேட்கும் அளவுக்கு ஏன் ஆபத்தானதாயிற்று என்பதே இன்றைய வகுப்பின் பொருள்.

எதிர்த்தரப்பு எழுப்பும் கேள்வி

சோதனை என்ற சொல்லைக் கேட்டதும் எதிர்த்தரப்பினர் ஒரு கேள்வியை முன்வைப்பது வழக்கம். “அறிவியல் என்ன, எழுதி முடிக்கப்பட்ட புத்தகமா? நேற்று மூடநம்பிக்கை என்று ஒதுக்கப்பட்டவை இன்று பாடநூலில் இடம்பெறவில்லையா? சோதிடத்தையும் பண்டைய விமானங்களையும் ஆவியுலகத்தையும் இன்றைய அறிவியலுக்கு எட்டவில்லை என்பதாலேயே பொய் என்று சொல்லலாமா?” என்பது அந்தக் கேள்வி.

இக்கேள்வியை ஏளனம் செய்து கடந்துவிடுதல் தகாது. ஏனெனில் இதன் முற்பகுதி முழு உண்மை. அறிவியலின் எல்லை நிலையானதன்று. அது நகர்ந்துகொண்டே இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய அறிஞர்களில் பெரும்பாலோர், வானத்திலிருந்து கற்கள் விழுகின்றன என்பதைப் பாமர விவசாயிகளின் கட்டுக்கதை என்றே கருதினர். 1794இல் கிளாட்னி என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் அக்கற்கள் பூமிக்கு வெளியிலிருந்து வருபவை என்று எழுதியபோது ஏளனத்துக்கு ஆளானார். 1803 ஏப்ரல் 26 அன்று பிரான்சின் லேகிள் என்ற ஊரைச் சுற்றிலும் ஆயிரக்கணக்கான கற்கள் பொழிந்தன. அங்கு அனுப்பப்பட்ட இளம் அறிஞர் பியோ ஊர் ஊராகச் சென்றார். நேரில் கண்டவர்களை விசாரித்தார். கற்கள் விழுந்த இடங்களை வரைபடத்தில் குறித்தார். அவை அப்பகுதியின் பாறைகளிலிருந்து வேறுபட்டவை என்பதைக் காட்டினார். அதன் பிறகு விவாதம் அடங்கியது. படித்தவர்கள் தோற்றனர், விவசாயிகளின் சொல் வென்றது.

கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்ஃப்ரெட் வெகனர் 1912இல் கூறியதும் இவ்வாறே நிராகரிக்கப்பட்டது. நிலவியல் அறிஞர்கள் பலர் அவரை அயல்துறையிலிருந்து வந்து நுழைந்தவராகக் கண்டனர். கண்டங்களை நகர்த்தும் விசை எது என்பதற்கு அவரிடம் நிறைவான விடை இல்லை என்பதும் உண்மையே. அவர் 1930இல் கிரீன்லாந்துப் பனியில் மாண்டார். கடலடிப் பாறைகளின் காந்தப் பதிவுகள் ஆராயப்பட்ட 1960களில்தான் அவருடைய மையக் கருத்து ஏற்கப்பட்டது. மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் நிலப்பகுதியின் பெயரைக் கொண்ட கோண்டுவானாவின் தொல்லுயிர்த் தடங்கள் அச்சான்றுகளில் அடங்கும்.

ஆகவே, ‘எல்லைக்கு வெளியே உள்ளது’ என்பது எந்தக் கருத்துக்கும் குற்றமாகாது. ஆனால் இவ்விரு கருத்துகளும் எந்த வழியாக உள்ளே வந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். இவற்றுக்காக எந்த அமைச்சரும் ஆணை பிறப்பிக்கவில்லை. சந்தேகித்தவர்களை எவரும் தேசவிரோதிகள் என்று அழைக்கவில்லை. தம் கருத்து பொய்யாகக்கூடிய இடம் எது என்பதை அவற்றை முன்வைத்தவர்கள் மறைக்கவில்லை. சான்று வந்தது, கதவு திறந்தது.

எல்லைக்கு வெளியே நின்ற ஒருவர்

இந்த வேறுபாட்டைத் தம் வாழ்விலேயே காட்டியவர் 2025 மே 20 அன்று புனேயில் மறைந்த வானியற்பியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர். தபோல்கருடன் இணைந்து அவர் நடத்திய சோதிட ஆய்வு பலரும் அறிந்தது. அவரே தம் துறையில் பெரும்பான்மைக் கருத்துக்கு எதிராக நின்றவர் என்பது அந்த அளவுக்கு நினைவுகூரப்படுவதில்லை.

பேரண்டத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற ஃபிரெட் ஹாயிலின் கோட்பாட்டை, கேம்பிரிட்ஜில் அவருடைய மாணவராக இருந்த நார்லிகர் ஆதரித்தார். 1965இல் பேரண்டம் முழுவதும் பரவியுள்ள நுண்ணலைக் கதிர்வீச்சு பற்றிய கண்டுபிடிப்பு வெளியானது. பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு அது வலுவான சான்றாக அமைந்ததால் அறிஞர்களில் பெரும்பாலோர் ஹாயிலின் முகாமை விட்டு நீங்கினர். நார்லிகரோ, 1993இல் ஹாயில், ஜெஃப்ரி பர்பிட்ஜ் ஆகியோருடன் சேர்ந்து திருத்திய கோட்பாடு ஒன்றை முன்வைத்தார். அந்தக் கதிர்வீச்சைத் தங்கள் கோட்பாட்டாலும் விளக்க வேண்டிய கடமை தங்களுக்கு உண்டு என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டனர். அத்துறையினரில் மிகப் பெரும்பாலோர் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. அதற்காக அவர் அரசிடம் முறையிடவில்லை. பெருவெடிப்பு மேலைநாட்டுச் சதி என்று மேடையில் பேசவும் இல்லை.

உயிரின் வித்துகள் விண்வெளியிலிருந்து பூமிக்கு வந்திருக்கலாம் என்பது ஹாயிலும் இலங்கையில் பிறந்த சந்திரா விக்கிரமசிங்கவும் முன்வைத்த மற்றொரு துணிச்சலான ஊகம். அதை ஆராய நார்லிகர் தேர்ந்த வழி ஹைதராபாத்திலிருந்து பலூனை அனுப்புவது. 2001இலும் 2005இலும் இஸ்ரோவின் துணையுடன் அனுப்பப்பட்ட கருவிகள் 20 முதல் 41 கிலோமீட்டர் வரையிலான உயரங்களில் காற்றைச் சேகரித்துக் கொண்டுவந்தன. இரண்டாம் முயற்சியில் மூன்று புதிய பாக்டீரியா இனங்கள் கிடைத்தன. ஒன்றுக்கு ஹாயிலின் பெயரும், ஒன்றுக்கு இஸ்ரோவின் பெயரும், மற்றொன்றுக்கு ஆரியபட்டரின் பெயரும் சூட்டப்பட்டன. 2009இல் முடிவு அறிவிக்கப்பட்டபோது, இவை பூமிக்கு வெளியிலிருந்து வந்தவை என்பது உறுதியாக நிறுவப்படவில்லை என்று தெளிவாகக் கூறப்பட்டது. தமக்கு விருப்பமான முடிவின் வாயிலில் நின்றுகொண்டு, “இன்னும் நிறுவப்படவில்லை” என்று சொல்வதற்கே அறிவியல் ஒழுக்கம் என்று பெயர்.

இதே மனிதர்தான் சோதிடர்களைச் சோதனைக்கு அழைத்தார். 2008இல் நார்லிகர், புள்ளியியல் அறிஞர் சுதாகர் குந்தே, தபோல்கர் ஆகியோர் அடங்கிய குழு, தபோல்கரின் மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத் தொண்டர்களின் துணையுடன் 200 சிறாரின் பிறந்த நேரத்தையும் இடத்தையும் திரட்டியது. அவர்களில் 100 பேர் பள்ளியில் சிறந்து விளங்கியவர்கள். 100 பேர் அறிவுத்திறன் குறைபாடுடையவர்கள். அனைவருக்கும் ஜாதகம் கணிக்கப்பட்டது. பெயர்கள் நீக்கப்பட்டுக் குறியீட்டு எண்கள் இடப்பட்டன. எந்த எண் எவருடையது என்ற விவரம் தனியே பாதுகாக்கப்பட்டது. சோதனைக்கு முன்வந்த சோதிடர் ஒவ்வொருவருக்கும் தற்செயலாகத் தேர்ந்த 40 ஜாதகங்கள் அனுப்பப்பட்டன. அது எந்தப் பிரிவைச் சேர்ந்த சிறாருடையது என்று மட்டும் அவர்கள் சொல்ல வேண்டும்.

நாணயத்தைச் சுண்டி விடை எழுதினாலே 40இல் ஏறக்குறைய 20 சரியாகிவிடும். ஆகவே வெற்றிக்கு 28 என்ற அளவு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. 51 சோதிடர்கள் ஜாதகங்களைக் கேட்டுப் பெற்றனர். 27 பேர் விடை அனுப்பினர். அவர்களில் மிக அதிகமாகச் சரியாகச் சொன்னவரின் எண்ணிக்கை 24. அனைவரின் சராசரி 46 விழுக்காடு. நாணயத்தைவிடச் சற்றுக் குறைவு. ஒரு சோதிட நிறுவனம் 200 ஜாதகங்களையும் பெற்றுக் கணித்தது, 102 சரியாயின. இம்முடிவுகள் 2009இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியாயின.

தோழர்கள் கவனிக்க வேண்டியது, இந்தச் சோதனையில் சோதிடம் வெல்வதற்கும் வழி இருந்தது என்பதுதான். 27 பேரில் பலர் 28ஐத் தாண்டியிருந்தால், அந்த இதழில் அதுவே வெளியாகியிருக்கும். நார்லிகர் தம் கருத்தை மறுபரிசீலனை செய்ய நேர்ந்திருக்கும். பேரண்டக் கோட்பாட்டில் தாம் எந்த விதிக்குக் கட்டுப்பட்டாரோ, அதே விதியைத்தான் அவர் சோதிடத்துக்கும் வைத்தார். ஒரு கருத்து எவ்வளவு விசித்திரமானது என்பது அளவுகோலாகாது. அது தோற்கச் சம்மதிக்கிறதா என்பதே அளவுகோல்.

மான்செஸ்டரில் ஏங்கெல்ஸ்

மார்க்சிய முன்னோடிகளுக்கு இப்பிரச்சினை புதிதன்று. 1878இல் ஏங்கெல்ஸ் ஆவியுலகில் இயற்கை ஆராய்ச்சி என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய மறைவுக்குப் பின்னரே அது வெளியாயிற்று. இன்று ‘இயற்கையின் இயக்கவியல்’ நூலில் இடம்பெற்றுள்ளது. அதில் ஏங்கெல்ஸ் தாமே செய்த ஒரு சோதனையை விவரிக்கிறார்.

1843-44 குளிர்காலத்தில் மான்செஸ்டருக்கு ஸ்பென்சர் ஹால் என்ற மெஸ்மரிச வித்தகர் வந்தார். மண்டையோட்டின் மேடுகளில் மனிதக் குணங்கள் உறைகின்றன என்பது அக்காலத்தில் பரவியிருந்த ஒரு கொள்கை. ஓர் இளம்பெண்ணை மெஸ்மரிச உறக்கத்தில் ஆழ்த்தி, தலையில் ஒவ்வோர் இடமாக ஹால் தொடுவார். அன்புக்குரிய இடத்தைத் தொட்டால் அப்பெண் இல்லாத குழந்தையைக் கொஞ்சுவாள்; பக்திக்குரிய இடத்தைத் தொட்டால் மண்டியிட்டுக் கைகுவிப்பாள். ஆன்மா உண்டு, கடவுள் உண்டு, தொழிலாளரிடையே பரவிவந்த ஓவன்வாதிகளின் பொருள்முதல்வாதம் பொய் என்பதற்கு இதுவே சான்று என்று அறிவிக்கப்பட்டது. பாதிரிமார் சிலர் இக்காட்சிகளுக்கு ஆதரவளித்தனர்.

ஏங்கெல்ஸ் இதைக் கண்டு சிரித்துவிட்டு வீடு திரும்பவில்லை. நண்பர் ஒருவருடன் சேர்ந்து, துடிப்பான 12 வயதுச் சிறுவன் ஒருவனிடம் அதே சோதனையைச் செய்துபார்த்தார். உறக்கநிலை உண்மையிலேயே ஏற்பட்டது. தலையைத் தொட்டபோது எதிர்பார்த்த செயல்களும் நிகழ்ந்தன. அடுத்த அடியை அவர்கள் எடுத்துவைத்தனர். குணங்களின் இடங்களை மாற்றிப் பார்த்தனர், அப்போதும் பலித்தது. உடலின் வேறு பகுதிகளிலும் புதிய ‘உறுப்புகளை’ ஏற்படுத்தினர். கால் பெருவிரலில் குடிவெறிக்கான உறுப்பு ஒன்றையே உருவாக்கினர். அதைத் தொட்டதும் சிறுவன் குடிகாரனைப் போல் ஆடினான். ஆனால் தன்னிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பதை அவன் அறியும்வரை எந்த இடத்தைத் தொட்டாலும் எதுவும் நிகழவில்லை. மர்மம் மண்டையோட்டில் இல்லை, எதிர்பார்ப்பில் இருந்தது.

அதே ஹாலின் காட்சியை அதே ஆண்டில் லெஸ்டர் நகரில் கண்டவர் ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ். அவரும் மாணவர்களிடம் சோதித்தார், பலித்தது, நம்பினார். தலையில் அல்லாமல் காலில் தொட்டால் என்னவாகும் என்று பார்க்கும் அடுத்த அடியை அவர் வைக்கவில்லை. பின்னாளில் டார்வினுடன் இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டை வெளியிட்ட அந்த மாமேதை, நிலத்தை நாட்டுடைமையாக்கப் போராடிய அந்த நேர்மையாளர், ஆவியுலகவாதத்தில் மூழ்கினார். தாலியம் என்ற தனிமத்தைக் கண்டறிந்த வில்லியம் குரூக்ஸும் ஆவிகளுக்குச் சான்றளித்தார்.

1876இல் ஹென்றி ஸ்லேடு என்ற அமெரிக்கர் லண்டனில் ஆவிகளைக் கொண்டு கற்பலகையில் எழுத வைப்பதாகக் கட்டணம் பெற்றுக் காட்சி நடத்தினார். ரே லங்கெஸ்டர் என்ற இளம் உயிரியலாளர், ஆவி எழுதத் தொடங்கும் முன்பே பலகையைப் பறித்துப் பார்த்தார். எழுத்து ஏற்கெனவே அங்கு இருந்தது. வழக்கு நீதிமன்றம் சென்றது. வாலஸ் ஸ்லேடுக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். டார்வின் வழக்கை நடத்துவதற்கு 10 பவுண்டு கொடுத்தார். ஒரே கோட்பாட்டின் இரு மூலவர்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றனர். ஸ்லேடுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் சட்ட நுணுக்கத்தால் தப்பினார். அங்கிருந்து ஜெர்மனிக்குச் சென்றவர், லைப்சிக் நகரின் வானியற்பியல் பேராசிரியர் சோல்னரை நான்காம் பரிமாணத்தையே நம்ப வைத்தார். லங்கெஸ்டரோ மார்க்சின் நண்பரானார். 1883 மார்ச்சில் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் மார்க்சின் இறுதி நிகழ்வில் கூடிய மிகச் சிலருள் அவரும் ஒருவர்.

ஏங்கெல்ஸ் இதிலிருந்து பெற்ற பாடம் ஆழமானது. கோட்பாட்டுச் சிந்தனையை இகழ்ந்து, கண்ணால் கண்டதே மெய் என்று நிற்கும் வெறும் அனுபவவாதம்தான் ஒருவரை மாயாவாதத்துக்கு எளிதில் இட்டுச் செல்கிறது என்பது அவருடைய முடிவு. “நானே கண்டேன்” என்பது சான்றின் தொடக்கமே தவிர முடிவன்று. பட்டமும் பதவியும் பரிசும் எவரையும் ஏமாற்றத்திலிருந்து காப்பதில்லை.

விமானமும் மூக்கும்

இந்தியாவுக்கு வருவோம். 2015 ஜனவரியில் மும்பையில் நடைபெற்ற 102ஆவது இந்திய அறிவியல் மாநாட்டில், வேத காலத்திலேயே கோள்விட்டுக் கோள் பறக்கும் விமானங்கள் இருந்தன என்று ஓய்வுபெற்ற விமானி ஒருவர் கட்டுரை வாசித்தார். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ‘வைமானிக சாஸ்திரம்’ என்ற வடமொழி நூல். பரத்வாஜ முனிவர் அருளியதாகக் கூறப்படும் இந்நூல், கர்நாடகத்தின் ஆனேக்கல்லைச் சேர்ந்த பண்டித சுப்பராய சாஸ்திரி 1918 முதல் 1923 வரையிலான காலத்தில் வாய்மொழியாகச் சொல்ல எழுதப்பட்டது. படங்களை வரைந்தவர் பெங்களூரு பொறியியல் கல்லூரியைச் சேர்ந்த ஒரு வரைவாளர்.

இந்நூலை அறிவியலாளர்கள் படிக்காமலே ஒதுக்கிவிட்டனர் என்று குற்றம் சாட்ட இடமில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஐந்து பொறியியல் அறிஞர்கள் இதை வரி வரியாக ஆராய்ந்து 1974இல் முடிவை வெளியிட்டனர். நூலின் மொழிநடை வேதகாலத்தது அன்று. அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றப்பட்டது என்று கண்டனர். சகுன, சுந்தர, ருக்ம, திரிபுர விமானங்களின் வடிவம், எடை, உந்துவிசை ஆகியவற்றைக் கணக்கிட்டனர். விவரித்துள்ளபடி அவற்றில் எதுவும் பறக்காது. இயற்றியவருக்கு விமானவியலின் அடிப்படைகளே தெரியவில்லை என்பது அவர்களின் முடிவு. அந்நூலுக்குக் கிடைக்க வேண்டிய நியாயமான விசாரணை முழுமையாகக் கிடைத்தது. தீர்ப்பு வந்து 40 ஆண்டுகளுக்குப் பிறகு, அப்படியொரு விசாரணையே நடக்காதது போல மாநாட்டு மேடை திறந்துவிடப்பட்டது என்பதே வெட்கக்கேடு.

2014 அக்டோபரில் மும்பையில் மருத்துவமனை ஒன்றின் திறப்பு விழாவில் பேசிய பிரதமர், விநாயகரின் யானைத் தலையை முன்னிறுத்தி, அக்காலத்தில் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்றார். இக்கூற்று மறைப்பது எதை என்று பார்க்க வேண்டும். சேதமுற்ற மூக்கைச் சீரமைக்கும் முறை சுசுருத சம்ஹிதையில் உண்மையாகவே விவரிக்கப்பட்டுள்ளது. அம்மரபு ஏட்டில் மட்டும் உறங்கவில்லை. போரில் சிறைப்பட்டு மூக்கறுக்கப்பட்ட காவஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்குப் புனே அருகே நெற்றித் தோலைக் கொண்டு புதிய மூக்கு அமைக்கப்பட்ட செய்தி 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் படத்துடன் வெளியாயிற்று. அதைப் படித்த ஆங்கிலேய மருத்துவர் ஜோசப் கார்ப்யூ 1814இல் லண்டனில் அந்த முறையைச் செய்துகாட்டினார். புனேயில் அந்த அறுவையைச் செய்தவர் யார்? செங்கல் சுடும் குயவர் சாதியைச் சேர்ந்த ஒருவர்.

இந்திய அறிவியலின் மெய்யான பெருமை உழைக்கும் சாதியொன்றின் கைகளில் இருந்தது. அந்தக் கைகளுக்குப் பள்ளிக் கதவை மூடிய சமூக அமைப்பைப் பற்றிப் பேச விரும்பாதவர்களுக்கு விநாயகரின் தலை வசதியான கதை. புராணத்தை அறிவியலாக்குவது புராணத்தையும் உயர்த்துவதில்லை. மெய்யான உழைப்பாளியையும் வரலாற்றிலிருந்து அழித்துவிடுகிறது.

அரசின் முத்திரை

தனிமனிதரின் நம்பிக்கை வேறு. அரசின் முத்திரை வேறு. 2001இல் வாஜ்பாய் ஆட்சியின்போது பல்கலைக்கழக மானியக் குழு ‘ஜோதிர் விஞ்ஞானம்’ என்ற பெயரில் சோதிடத் துறைகளைத் தொடங்கப் பல்கலைக்கழகங்களிடமிருந்து விண்ணப்பங்கள் கோரியது. ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தை நிறுவிய பி.எம். பார்கவா நீதிமன்றம் சென்றார். கல்வித்துறை வல்லுநர்களின் முடிவில் தலையிடுவதற்கில்லை என்று 2004இல் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2021இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சோதிட முதுகலைப் படிப்பே தொடங்கப்பட்டது.

2020 பிப்ரவரியில் ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறை, நாட்டுப் பசுக்களின் சாணம், கோமியம் முதலியவற்றின் சிறப்புகளை ஆராய நிதி வழங்கும் திட்டத்தை அறிவித்தது. 500க்கு மேற்பட்ட அறிவியலாளர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டனர். எந்தப் பொருளையும் ஆராயலாம், அதில் தடையில்லை. ஆனால் அறிவிப்பிலேயே சிறப்பு உண்டு என்று முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற ஆய்வைக் கோருவது ஆய்வாகாது என்பது அவர்களின் வாதத்தின் சாரம். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்கென 0.64 விழுக்காடே செலவிடும் நாட்டில், ஆய்வு நிதி கிட்டாமல் இளம் ஆய்வாளர்கள் அல்லற்படும்போது இது நிகழ்கிறது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்று 1976இல் அரசியலமைப்பின் 51-ஏ பிரிவில் சேர்க்கப்பட்டது. குடிமகனுக்குக் கடமையானது அரசுக்கு இல்லையா?

அரசு முத்திரையின் ஆபத்தை இடதுசாரி இயக்கம் தன் வரலாற்றிலிருந்தும் அறியும். சோவியத் ஒன்றியத்தில் மரபியலை மறுத்த லைசென்கோவின் கருத்துகள் 1948 ஆகஸ்ட்டில் கட்சித் தலைமையின் ஒப்புதலுடன் அதிகாரபூர்வக் கொள்கையாக்கப்பட்டன. அதற்கு முன்பே, உலகெங்கும் சென்று பயிர் விதைகளைத் திரட்டிய மாபெரும் மரபியலாளர் வாவிலோவ் கைது செய்யப்பட்டு 1943இல் சரட்டோவ் சிறையில் மாண்டிருந்தார். ‘இயற்கையின் இயக்கவியல்’ நூலின் 1940ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதிய ஹால்டேன் போன்ற மரபியல் அறிஞர்களுக்கு அது பெரும் வேதனையாக அமைந்தது. லைசென்கோ 1960களின் நடுவில் பதவி இழந்தபோது சோவியத் உயிரியல் பல ஆண்டுகளை இழந்திருந்தது. சோதனையிலிருந்து விலக்களிக்கப்பட்ட கருத்து எந்தக் கொடியின் கீழ் நின்றாலும் நாசமே விளைவிக்கும். இதை வெளிப்படையாகச் சொல்லும் துணிவு இருந்தால்தான் எதிரியின் போலி அறிவியலை விமர்சிக்கும் தகுதி நிலைக்கும்.

தமிழின் பெருமிதத்துக்கும் அதே அளவுகோல்

இந்த அளவுகோலைத் தமிழ் மண்ணிலும் வைத்துப் பார்க்க வேண்டும். 1864இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஸ்கிலேட்டர், மடகாஸ்கரின் விலங்கினத்துக்கும் இந்தியாவுக்குமுள்ள தொடர்பை விளக்க இந்துமாக்கடலில் மூழ்கிய ஒரு நிலத்தை ஊகித்து அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். அது அன்றைக்கு நியாயமான அறிவியல் ஊகம். கண்டங்களே நகர்கின்றன என்பது நிறுவப்பட்டதும் அந்த ஊகம் தேவையற்றதாயிற்று; கடலடி ஆய்விலும் அவ்வாறான கண்டம் இல்லை. அறிவியல் அதைக் கைவிட்டது. ஆனால் அதற்கு முன்பே பிளாவட்ஸ்கி அம்மையார் 1888இல் வெளியிட்ட ‘தி சீக்ரெட் டாக்ட்ரின்’ நூலில் லெமூரியாவை மறைஞான உலகுக்கு எடுத்துச் சென்றுவிட்டார். தமிழகத்தில் அது குமரிக்கண்டத்துடன் இணைக்கப்பட்டு வரலாறாகவே பேசப்படலாயிற்று.

கடல்கோள் பற்றிய தமிழ் இலக்கிய நினைவுகள் ஆய்வுக்குரியவை. பனியுகத்தின் முடிவில் கடல்மட்டம் உயர்ந்து கரையோர நிலங்கள் மூழ்கியதும் உண்மையே. கண்டமொன்று மூழ்கியது என்பது வேறு, அதற்குச் சான்றில்லை. தமிழின் தொன்மையைக் காட்டக் கற்பனைக் கண்டம் எதற்கு? கீழடியில் குழி வெட்டி, அடுக்கு அடுக்காகப் பதிவு செய்து, கரிமப் பகுப்பாய்வுக்கு அனுப்பி, கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்ற காலக்கணிப்பு பெறப்பட்டது. அந்த முடிவை எவரும் மீண்டும் சோதிக்கலாம் என்பதே அதன் வலிமை. வைமானிக சாஸ்திரத்துக்கு ஓர் அளவுகோல், குமரிக்கண்டத்துக்கு மற்றோர் அளவுகோல் என்று வைத்துக்கொண்டால் கீழடியின் மெய்யான சான்றையும் மக்கள் நம்ப மாட்டார்கள்.

செய்ய வேண்டியவை

தோழர்களே! இந்தப் பணியில் இரு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். முதலாவது, நம்பிக்கையாளரை ஏளனம் செய்வது. கடனில் மூழ்கிய குடும்பம், வேலை கிடைக்காத இளைஞர், மகளின் நோய்க்கு மருத்துவமனையில் கட்டணம் செலுத்த முடியாத தாய் ஆகியோர் சோதிடரின் வாசலுக்குச் செல்வது அறிவுக்குறைவால் அன்று. வேறு வாசல்கள் அடைக்கப்பட்டிருப்பதால். அரசு மருத்துவமனைக்காகவும் வேலைக்காகவும் நடத்தும் போராட்டம் மூடநம்பிக்கைக்கு எதிரான போராட்டத்தின் பிரிக்க முடியாத பகுதியாகும். இரண்டாவது தவறு, “அறிவியல் சொல்லிவிட்டது” என்று அதிகாரக் குரலில் பேசுவது. லேகிள் விவசாயிகளுக்கு எதிராக அன்றைய அறிஞர்கள் பேசிய குரல் அது.

மாறாக, ஒவ்வொரு கிளையிலும் மாதர், வாலிபர், மாணவர் அமைப்புகளிலும் மூன்று கேள்விகளைப் பழக்கமாக்க வேண்டும். ஒரு கூற்று முன்வைக்கப்படும்போது, இது பொய் என்றால் எப்படித் தெரியவரும் என்று கேட்க வேண்டும். சொல்பவரைச் சாராத ஒருவர் இதைச் சோதித்திருக்கிறாரா என்று கேட்க வேண்டும். இதை நம்புவதால் ஆதாயம் பெறுபவர் யார், இழப்பவர் யார் என்று கேட்க வேண்டும். முதற்கேள்விக்கு விடை இல்லாத கூற்று எவ்வளவு பழமையானதாயினும், எவ்வளவு புதுமையானதாயினும் அறிவியலின் வாயிலில் காத்திருக்கத்தான் வேண்டும்.

நார்லிகரின் சோதனைக்குச் செலவு அதிகமில்லை. 200 ஜாதகங்கள், தபால், ஒரு புள்ளியியல் அறிஞரின் நேர்மை, தொண்டர்களின் உழைப்பு ஆகியவை போதுமானவையாக இருந்தன. பள்ளி ஆசிரியர்களும் அறிவியல் இயக்கத் தோழர்களும் எந்த மாவட்டத்திலும் அத்தகைய சோதனைகளை நடத்த முடியும். தபோல்கர் மறைந்த நான்கு நாட்களில் மகாராஷ்டிராவில் அவசரச் சட்டமாக வந்து, அதே ஆண்டு டிசம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறிய மூடநம்பிக்கைச் சுரண்டல் தடுப்புச் சட்டத்துக்காக அவர் பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று பிரச்சாரம் செய்தார். அத்தகைய சட்டம் நாடு முழுமைக்கும் வேண்டும் என்ற கோரிக்கையும், மக்கள் தாமே சோதித்துப் பார்க்கும் பழக்கமும் ஒன்றாக முன்னேற வேண்டும். அவரையும் பன்சாரேவையும் சுட்டவர்கள் அஞ்சியது அந்தப் பழக்கத்துக்குத்தான்.